டைமிங் செயின் சத்தம் திரும்பத் திரும்ப வருகிறதா? பழைய 1.3 டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

காலையில் ஸ்டார்ட் செய்ததும் பானட்டுக்குள் இருந்து இரண்டு மூன்று நொடிக்குக் கரகரவென்று ஒரு சத்தம். பிறகு அடங்கிவிடும். மெக்கானிக் கேட்டுவிட்டு "செயின் போயிடுச்சு சார்" என்பார். செயின் மாற்றுவார்கள். சில மாதம் நிம்மதியாக ஓடும். அப்புறம் ஒரு நாள் காலையில் அதே சத்தம்.

பழைய ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ் டீசல் வைத்திருக்கும் பலருக்கு இது பழக்கமான கதை. முதல் தடவை சத்தம் வந்தால் செயின் தேய்ந்திருக்கலாம். புதுச் செயின் போட்ட பிறகும் சத்தம் திரும்பினால், செயினைத் தேய வைக்கும் காரணம் உள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் அது ஆயில் சம்பந்தப்பட்டதாகவே இருக்கும். அந்தக் காரணத்தைப் பிடிக்காமல் இன்னொரு செயின் கிட் வாங்குவது வீண் செலவு. வண்டியைப் பற்றி அதிகம் தெரியாதவர்களும் வரிசையாகச் செய்து பார்க்கும்படி இதை எழுதியிருக்கிறேன். சில வேலைகளை நீங்களே செய்யலாம். சிலவற்றை ஒர்க்‌ஷாப்பில் செய்யச் சொல்லி, பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

எந்த இன்ஜின், என்ன செயின்

நான் எடுத்துக்கொள்வது ஃபியட் 2003-இல் கொண்டுவந்த 1248 சிசி மல்டிஜெட் டீசல் இன்ஜின். மாருதி அதை டிடிஐஎஸ் என்றும், டாடா குவாட்ராஜெட் என்றும் விற்றன. 2007-இல் ஸ்விஃப்ட்டில் வந்தது. பிறகு டிசையர், ரிட்ஸ், எர்டிகா, சியாஸ், பிரெஸ்ஸா, இண்டிகா விஸ்டா, மான்சா, புன்டோ, லீனியா என்று நம் ஊர் சாலையெங்கும் பரவியது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்தபோது மாருதி இதை நிறுத்திவிட்டது. ஆகவே இன்று ஓடும் எல்லா 1.3 டிடிஐஎஸ் வண்டிகளும் பழைய வண்டிகள்தான். கால் டாக்சியாக ஓடியவை பல லட்சம் கிலோமீட்டர் பார்த்திருக்கும். வேறு செயின் இன்ஜின் வைத்திருப்பவர்களும், பெட்ரோல் வண்டியாக இருந்தாலும், இதே வரிசையில் போகலாம். அளவுகள் மட்டும் மாறும்.

கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) இரண்டு சுற்று சுற்றினால் கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) ஒரு சுற்று சுற்ற வேண்டும். இந்தக் கணக்கைத் தவறாமல் வைத்திருப்பது டைமிங் செயின். செயின் ஓடும் பாதையில் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் முகம் வைத்த கைடுகள் இருக்கும். ஒரு பக்கத்துக் கைடை டென்ஷனர் தள்ளிப் பிடித்துத் தொய்வை எடுக்கும். டென்ஷனருக்குள் ஒரு சின்ன ஸ்பிரிங் இருக்கிறது. ஆனால் அதன் உண்மையான பலம் ஆயில் பிரஷரில் இருந்து வருகிறது. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் டென்ஷனருக்குள் இருந்த ஆயில் கொஞ்சம் வடிந்திருக்கும். ஸ்டார்ட் செய்து பிரஷர் ஏறும் வரைக்கும் செயினைப் பிடித்திருப்பது ஸ்பிரிங் மட்டும்தான். அந்த இடைவெளியில்தான் செயின் கைடின் மீதும் கவரின் மீதும் அடித்துக் கரகரக்கிறது.

செயின் நீண்டுவிட்டது என்று சொல்வார்கள். இரும்பு ரப்பர் போல இழுபடுவதில்லை. பழைய சைக்கிள் செயின் தொங்கிப்போவது போலத்தான்: ஒவ்வொரு கண்ணியையும் இணைக்கும் பின் என்ற சிறு ஆணியும் அதைச் சுற்றிய புஷ் என்ற வளையமும் கொஞ்சம் கொஞ்சம் தேய்கின்றன. கணக்குக்குச் சொன்னால், கண்ணிக்கு 0.02 மில்லிமீட்டர் தேய்ந்தாலே 100 கண்ணியில் 2 மில்லிமீட்டர் நீளம் கூடிவிடும். டீசல் இன்ஜினில் ஆயிலோடு கலக்கும் கரி, அந்தப் பின்களுக்கு இடையே புகுந்து உப்புத்தாள் போடுவது மாதிரி வேலை செய்யும். அதனால்தான் ஆயில் மாற்றத்தைத் தள்ளிப்போட்ட வண்டியில் செயின் சீக்கிரம் போகிறது.

எப்போது வண்டியை எடுக்கவே கூடாது

ஸ்டார்ட்டிங்கில் ஒன்றிரண்டு நொடி வந்து அடங்கும் சத்தம் என்றால், சோதனை முடியும்வரை மெதுவாக ஓட்டிக்கொள்ளலாம். சூடான இன்ஜினிலும் சத்தம் நிற்காமல் வந்தாலோ, ஆயில் பிரஷர் விளக்கு ஐடிலில் மினுக்கினாலோ, சத்தத்தோடு இன்ஜின் இழுவை குறைந்து செக் இன்ஜின் விளக்கும் எரிந்தாலோ, அங்கேயே அணைத்துவிட்டு டோ செய்து கொண்டுபோங்கள். செயின் ஒரு பல் தாண்டினாலும் டைமிங் போய்விடும். அறுந்தால் பிஸ்டன் வால்வை அடித்துவிடும். அதன் பிறகு வேலை செயின் கிட்டோடு நிற்காது, ஹெட் இறக்க வேண்டி வரும்.

இன்னொன்று. சத்தம் வரும் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்யாதீர்கள். மேட்டில் கியர் போட்டு நிறுத்தும்போது முதலில் ஹேண்ட்பிரேக்கை நன்றாக இழுத்து, வண்டியின் எடை அதில் உட்கார்ந்த பிறகு கியர் போடுங்கள். கியரிலேயே வண்டி பின்னால் சாய்ந்தால் இன்ஜின் தலைகீழாகக் கொஞ்சம் சுற்றும். பிரஷர் இல்லாத டென்ஷனரைச் செயின் உள்ளே அமுக்கிவிட இது போதும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் போகிறவர்கள் இதை மறக்க வேண்டாம்.

முதல் படி: சத்தத்தைப் பிடித்து வையுங்கள்

ஒர்க்‌ஷாப்புக்குப் போய்ச் சேர்வதற்குள் இன்ஜின் சூடாகிவிடும், சத்தம் ஓடிவிடும். மெக்கானிக்குக் கேட்காத சத்தத்தை அவர் ஊகித்துத்தான் சரிசெய்ய வேண்டியிருக்கும். அதனால் வீட்டிலேயே போனில் பதிவு செய்யுங்கள்.

முந்தைய இரவே பானட்டைத் திறந்து பார்த்து, போனை எங்கே வைக்கலாம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். ஃபேன் பெல்ட் இருக்கும் பக்கம்தான் செயின் கவரும் இருக்கிறது. அந்தப் பக்கம், பெல்ட்டில் படாத தூரத்தில், வீடியோவாகவே எடுங்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டை எடுத்த பிறகு, ஒரு நிமிடம் ஐடிலில் விடுங்கள். பிறகு மெல்ல 2000 ஆர்பிஎம் வரை ஏற்றி ஆக்சிலரேட்டரை விட்டுவிடுங்கள். செயின் தொய்ந்திருந்தால் ஏற்றும்போது வராத சத்தம், விட்டதும் சலசலவென்று வரும். அரை மணி நேரம் ஓட்டிவிட்டுச் சூட்டில் இதையே இன்னொரு முறை எடுங்கள்.

கேட்கும்போது சத்தத்தின் வேகத்தைக் கவனியுங்கள். 850 ஆர்பிஎம் ஐடிலில் கிராங்க் நொடிக்குச் சுமார் 14 சுற்று சுற்றுகிறது, கேம் 7 சுற்று. ஒரே டேப்பெட் (கேமுக்கும் வால்வுக்கும் இடையே இருக்கும் துண்டு) அடித்தால் நொடிக்கு 7 முறை, ஒழுங்காக, டிக் டிக் என்று கேட்கும். எண்ண முடியாவிட்டாலும் அந்த ஒழுங்கு காதுக்குப் புரிந்துவிடும். பேரிங் அடித்தால் அதைவிட வேகமாக, கனத்த தட்டலாக இருக்கும். செயின் சத்தத்தில் இந்த மாதிரி ஒழுங்கான தாளம் இருக்காது. தகர டப்பாவுக்குள் சில்லறையைக் குலுக்குகிற மாதிரி தொடர்ச்சியாக இருக்கும்.

இரண்டாம் படி: ஆயிலில் இருந்து தொடங்குங்கள்

இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். ஆனாலும் பலர் கடைசியாகத்தான் இங்கே வருகிறார்கள்.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து, ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை எடுங்கள். துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். இந்த இன்ஜினில் மொத்தமே ஏறத்தாழ 3 லிட்டர் ஆயில்தான் இருக்கிறது. டர்போ பழையதானால் கொஞ்சம் கொஞ்சமாக ஆயிலைக் குடிக்கும். ஒரு லிட்டர் குறைந்தால் மூன்றில் ஒரு பங்கே போய்விட்டது. இருக்கும் இரண்டு லிட்டர் எல்லா வேலையையும் செய்ய வேண்டும். வளைவிலும் இறக்கத்திலும், ஆயிலை உறிஞ்சும் குழாயின் வாயில் இருக்கும் வலையான ஸ்ட்ரெய்னர் காற்றை இழுத்தால் டென்ஷனருக்குப் போவது நுரைதான்.

அளவு ஏறியிருந்தாலும் கவலைப்பட வேண்டும். ஆயில் தானாகக் கூடாது. டிப்ஸ்டிக்கை மோந்து பாருங்கள். டீசல் நாற்றம் அடித்தால், ஒழுகும் இன்ஜெக்டரில் இருந்து டீசல் கலக்கிறது என்று சந்தேகிக்கலாம். டீசல் கலந்த ஆயில் தண்ணீர் மாதிரி நீர்த்துவிடும், பிரஷர் நிற்காது. இந்த நிலையில் எத்தனை செயின் மாற்றினாலும் பயன் இல்லை, இன்ஜெக்டரைத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்து, கடைசியாக ஊற்றிய ஆயில் எந்த கிரேடு என்று பில்லைத் தேடிப் பாருங்கள். இந்த இன்ஜின் குடும்பத்துக்கு, வண்டியைப் பொறுத்து, 5டபிள்யூ-30 அல்லது 5டபிள்யூ-40 ஆயில். உங்கள் வண்டியின் மேனுவலில் எழுதியிருப்பதுதான் கணக்கு. "கெட்டியான ஆயில் ஊற்றினால் சத்தம் அடங்கிவிடும்" என்று 20டபிள்யூ-50 ஊற்றுகிற பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. சூட்டில் சத்தம் கொஞ்சம் அமுங்குவது உண்மைதான். ஆனால் காலையில் அந்தக் கெட்டி ஆயில் மேலே ஏறி டென்ஷனரை அடைய இன்னும் நேரமாகும். நமக்குப் பிரச்சினை வருவதே அந்த நேரத்தில்தான். ஆகவே இது நோயைக் கூட்டும் மருந்து.

ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்பக்கம் விரலால் தடவுங்கள். டீசல் இன்ஜினில் ஆயில் கறுப்பாக இருப்பது சாதாரணம். தார் மாதிரி கெட்டியாக, விரலில் திரியாக வழிந்தால் அது ஸ்லட்ஜ். மூடியிலேயே இவ்வளவு என்றால், கீழே ஆயில் தங்கும் தொட்டியான சம்ப்பின் அடியில் எவ்வளவு இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஏசி போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் நின்ற இடத்திலேயே ஓடிய டாக்சிகளில் இதை அதிகம் பார்க்கலாம். மீட்டரில் 10,000 கிலோமீட்டர் என்று காட்டும். இன்ஜின் ஓடிய நேரத்தைக் கணக்கிட்டால் ஆயில் எப்போதோ தீர்ந்துபோயிருக்கும்.

ஆயில் ஃபில்டரையும் சந்தேகப்படுங்கள். வண்டி நிற்கும்போது ஆயில் முழுவதும் சம்ப்புக்குத் திரும்பி வடிந்துவிடாமல் தடுக்கும் ஏற்பாடு ஃபில்டரிலோ அதன் ஹவுசிங்கிலோ இருக்கும். மலிவான ஃபில்டரில் அந்த ரப்பர் சீக்கிரம் விறைத்துவிடும். காகித எலிமென்ட் மட்டும் மாற்றும் வகை என்றால், கூட வரும் ஓ-ரிங்கைப் போடாமல் பழையதையே விட்டுவிடுவார்கள்.

ஆயிலில் குறை தெரிந்தால் இங்கேயே நிறுத்துங்கள். சரியான கிரேடு ஆயிலும் நல்ல ஃபில்டரும் போட்டு ஒரு வாரம் காலைச் சத்தத்தைக் கவனியுங்கள். புது ஃபில்டரோடு சத்தம் நின்றுபோன வண்டிகள் உண்டு. ஸ்லட்ஜ் அதிகம் இருக்கும் இன்ஜினில் ஃப்ளஷ் திரவம் ஊற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒட்டியிருக்கும் கட்டிகள் ஒரேயடியாகப் பெயர்ந்து ஸ்ட்ரெய்னரை அடைத்துவிடும். அந்த வண்டிக்கு சம்ப்பைக் கழற்றிக் கையால் சுத்தம் செய்வதுதான் வழி.

மூன்றாம் படி: செயின் அல்லாதவற்றை ஒதுக்குங்கள்

செயின் பக்கம் கேட்கும் எல்லாமே செயின் சத்தம் இல்லை. ஃபேன் பெல்ட்டும் அதே பக்கம்தான் ஓடுகிறது. அதன் டென்ஷனர், ஐட்லர், ஆல்டர்னேட்டர் புல்லி, ஏசி கம்ப்ரெசர், வாட்டர் பம்ப் எல்லாம் சத்தம் போடும்.

ஏசியைப் போட்டு, அணைத்துப் பாருங்கள். சத்தம் மாறினால் கம்ப்ரெசர் பக்கம் தேடுங்கள். கிளட்ச்சை மிதித்தால் மாறுகிறதா? அப்படியானால் ரிலீஸ் பேரிங் அல்லது கியர்பாக்ஸ். இன்ஜினை அணைக்கும்போது மட்டும் கிர்ரென்று வந்தால் ஆல்டர்னேட்டர் புல்லியைப் பாருங்கள்.

இவற்றால் பிடிபடவில்லை என்றால் ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்து கேட்கலாம். பெல்ட் இல்லாமல் வாட்டர் பம்ப் சுற்றாது. ஆகவே குளிர்ந்த இன்ஜினில், அரை நிமிடத்துக்கு மேல் ஓட விடாமல் செய்ய வேண்டும். பேட்டரி விளக்கு எரியும், அதற்குப் பயப்பட வேண்டாம். பெல்ட் இல்லாமல் சத்தமும் இல்லை என்றால் உங்களுக்குப் பெரிய செலவு மிச்சம். பெல்ட் இல்லாமலும் அதே கரகரப்பு இருந்தால் இன்ஜினுக்குள்தான் இருக்கிறது.

டீசல் என்பதால் இன்ஜெக்டர் சத்தமும் குழப்பும். எந்த இன்ஜெக்டர் என்று பார்க்க, வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரில் ஒவ்வொரு சிலிண்டராக நிறுத்திக் கேட்கலாம். பழைய கால டீசல் வண்டிகளில் இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்திப் பார்ப்பார்கள். இந்த இன்ஜின் மாதிரி, எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயில் இருந்து டீசல் போகும் காமன் ரெயில் வண்டியில் அதை யாரும் செய்ய விடாதீர்கள். உள்ளே ஓடுவது 1000 பாருக்கு மேல் அழுத்தம் போகும் டீசல். கையில் பட்டால் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். விரலையே இழக்க வைக்கும் காயம் அது.

எக்ஸாஸ்ட்டில் இருக்கும் வெப்பத் தகடு துருப்பிடித்துத் தளர்ந்தாலும் செயின் மாதிரியே கரகரக்கும். இன்ஜின் ஆறியிருக்கும்போது கையால் தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நான்காம் படி: ஸ்க்ரூடிரைவரால் கேளுங்கள்

மெக்கானிக் ஸ்டெதஸ்கோப் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் நீண்ட ஸ்க்ரூடிரைவர் போதும். நுனியை உலோகத்தில் ஊன்றி, கைப்பிடியின் அடிப்பகுதியைக் காதுக்கு முன்னால் இருக்கும் எலும்பில் வைத்துக்கொள்ளுங்கள். தளர்ந்த சட்டை, துண்டு, தாலிச் சங்கிலி எதுவும் பெல்ட் பக்கம் தொங்கக் கூடாது.

செயின் கவரில் மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடங்களில் வையுங்கள். மேலே பலமாகக் கேட்டால் கேம் ஸ்பிராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்), கைடின் மேல் முனை. டென்ஷனர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் பலமாகத் தட்டினால் அங்கே பிடிப்பு இல்லை. பிறகு கவரை விட்டு விலகி டேப்பெட் கவர், வேக்குவம் பம்ப் இருக்கும் எதிர் முனை, ஆல்டர்னேட்டர் உடல் என்று ஒவ்வொன்றாக வையுங்கள். இரும்பு வழியாகச் சத்தம் எங்கும் பரவும். ஆகவே கேட்கிறதா என்று பார்க்காமல், எங்கே அதிகம் என்று ஒப்பிட்டுக்கொண்டே போங்கள். குளிர்ந்த ஸ்டார்ட்டிங் சத்தத்துக்கு நேரம் குறைவு என்பதால், ஒருவர் ஸ்க்ரூடிரைவரை ஊன்றிக்கொண்டு நிற்க, இன்னொருவர் சாவியைத் திருப்ப வேண்டும். ஒரு காலைக்கு ஓர் இடம்தான் கேட்க முடியும். நாலைந்து நாள் ஆனாலும் பொறுமையாகச் செய்யுங்கள்.

ஐந்தாம் படி: ஆயில் பிரஷரை அளந்து பாருங்கள்

திரும்பி வரும் செயின் சத்தத்தில் மிக முக்கியமான சோதனை இது. இதைச் செய்யாமல் செயின் கவரைத் திறக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். டாஷ்போர்டில் இருக்கும் ஆயில் விளக்கு பிரஷர் ஏறக்குறைய முழுக்கப் போன பிறகுதான் எரியும். அது எரியவில்லை என்பதால் பிரஷர் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

ஆயில் பிரஷர் ஸ்விட்ச்சைக் கழற்றிவிட்டு, அந்தத் துளையில் சரியான அடாப்டரோடு கேஜை மாட்டுவார்கள். ஒர்க்‌ஷாப்பில் கேஜ் இல்லை என்றால், இருக்கும் இடத்துக்குப் போங்கள். முடிந்தால் முந்தைய நாள் மாலையே வண்டியைக் கொண்டுபோய் விட்டு, மறுநாள் காலை முதல் ஸ்டார்ட்டில் அளக்கச் சொல்லுங்கள்.

நான்கு அளவு வேண்டும். குளிர்ந்த இன்ஜினில் ஸ்டார்ட் ஆனதும் முள் எழ எவ்வளவு நேரம் எடுக்கிறது. நன்றாகச் சூடான பிறகு ஐடிலில் எவ்வளவு. 2000 ஆர்பிஎம்மில் எவ்வளவு. 3000 தாண்டி வைத்திருந்தால் நிற்கிறதா, விழுகிறதா. மேனுவலில் உள்ள எண்தான் தீர்ப்பு. கையில் மேனுவல் இல்லாவிட்டால், 1000 ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ என்று மெக்கானிக்குகள் வைத்திருக்கும் தோராயக் கணக்கை வைத்துப் பார்க்கலாம்.

முள் எழவே நாலைந்து நொடி ஆகிறது, பிறகு எல்லாம் சரி என்றால், ராத்திரியில் ஆயில் வடிந்துவிடுகிறது. ஃபில்டர், ஃபில்டர் ஹவுசிங், ஸ்ட்ரெய்னர் பைப்பின் ஓ-ரிங் ஆகியவற்றைப் பாருங்கள். குளிரில் நன்றாக இருந்து சூட்டில் ஐடிலில் விழுந்தால், ஆயில் நீர்த்திருக்கிறது, இல்லையென்றால் ஆயில் பம்ப் தேய்ந்திருக்கிறது, அதுவும் இல்லையென்றால் கிராங்க் பேரிங்குகள் தளர்ந்திருக்கின்றன. கடைசிக் காரணமாக இருந்தால் செயின் மாற்றும் பணத்தை இப்போது செலவழிக்காமல், இன்ஜின் வேலையா, வண்டியை விற்பதா என்று முதலில் யோசிக்க வேண்டும். ஐடிலில் சரியாக இருந்து 3000-இல் முள் இறங்கினால் ஸ்ட்ரெய்னர் அடைத்திருக்கிறது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். பம்ப் கேட்கும் அளவுக்கு ஆயில் வரவில்லை.

நான்குமே சரியாக இருந்து சத்தம் மட்டும் வந்தால், இப்போதுதான் செயின், டென்ஷனர், கைடு என்று பேச ஆரம்பிக்க வேண்டும்.

ஆறாம் படி: ஸ்கேனர்

சீக்கிரம் முடிகிற வேலை. கேமுக்கும் கிராங்க்குக்கும் இடையே கணக்குத் தவறினால் பி0016 என்ற பிழைக் குறியீடு (கோடு) வரும். பி0340, பி0335 ஆகியவை கேம், கிராங்க் சென்சார் கோடுகள். சென்சாரே கெட்டுப்போனாலும் இவை வரும், அதனால் கோடை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். பி0016 வந்து, செயின் கவரிலும் சத்தம் கேட்டால், அதற்கு மேல் வண்டியை ஓட்டக் கூடாது. கோடு எதுவும் இல்லை என்பதால் செயின் நல்லது என்றும் ஆகாது. சத்தம் போடும் செயின் டைமிங்கை மாற்றாமலே பல மாதம் ஓடும்.

திறந்த பிறகு

இந்த இன்ஜினில் செயின் கவரைக் கழற்ற அந்தப் பக்கத்து இன்ஜின் மவுண்டிங்கைக் கழற்றி, இன்ஜினைக் கீழிருந்து தாங்கிப் பிடிக்க வேண்டும். சம்ப்பையும் இறக்கி வேலை செய்வதுதான் முறை. நேரம் மிச்சப்படுத்த சம்ப்பை விட்டுவிடலாம் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நமக்கு வேண்டிய பதில் அங்கேதான் இருக்கிறது.

இரண்டு முறை செயின் கிட் மாற்றியும் சத்தம் நிற்காத ஒரு டிசையரின் சம்ப்பை இறக்கியபோது பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஸ்ட்ரெய்னரின் வலையில் பாதிக்கு மேல் சாம்பல் நிறத்தில் புழு மாதிரி ரப்பர் துண்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. எல்லாம் முந்தைய இரண்டு தடவையும் கவர் ஓரத்தில் தாராளமாக அப்பிய சிலிகான் சீலன்ட். வெளியே பிதுங்கியது போக உள்ளே பிதுங்கியதும் உண்டு. அது காய்ந்து, உதிர்ந்து, நேராக ஸ்ட்ரெய்னருக்கு வந்திருந்தது. அவற்றுக்கு இடையே பழைய கைடின் பழுப்பு நிறப் பிளாஸ்டிக் சில்லுகளும் இருந்தன. முதல் செயின் தேய்ந்து போனது உண்மை. அடுத்த செயினைக் கெடுத்தது அதைச் சரிசெய்த வேலை.

ஆகவே நின்று பாருங்கள். டென்ஷனரில் இருந்து நீண்டு கைடைத் தள்ளும் தண்டான பிளஞ்சர் எவ்வளவு வெளியே வந்திருக்கிறது? கிட்டத்தட்ட முழுவதும் வந்திருந்தால் செயின் உண்மையிலேயே தேய்ந்திருக்கிறது. உள்ளேயே இருந்து விரலால் அமுக்கினால் எதிர்ப்பே இல்லாமல் போனால் டென்ஷனர்தான் குற்றவாளி. கைடில் செயின் ஓடிய இரண்டு பள்ளங்களின் ஆழத்தை நகத்தால் தொட்டுப் பாருங்கள், முனை உடைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஸ்பிராக்கெட் பல் ஒரு பக்கமாக வளைந்து கொக்கி மாதிரி ஆகியிருந்தால் அதில் புதுச் செயின் போடக் கூடாது. பழைய செயினையும் புதுச் செயினையும் ஒரே ஆணியில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டால் நீள வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். தெரியவில்லை என்றால் பழையதில் பெரிய தேய்மானம் இல்லை, சத்தத்துக்குக் காரணம் இன்னும் பிடிபடவில்லை.

மாட்டும்போது

செயின், டென்ஷனர், இரண்டு கைடுகள், ஸ்பிராக்கெட்டுகள், கிராங்க் ஆயில் சீல், குறித்த விசைக்கு முறுக்கி அதற்கு மேல் இத்தனை டிகிரி என்று திருப்பும் போல்ட்டுகள் எல்லாம் ஒன்றாகப் புதியதாக வேண்டும். செயின் மட்டும் மாற்றிப் பழைய ஸ்பிராக்கெட்டை விட்டால் புதுச் செயின் சீக்கிரமே அந்தத் தேய்மானத்துக்குப் பழகிவிடும். சென்னை ஜி.பி. ரோடு மாதிரி ஸ்பேர்ஸ் கடைகள் நிறைந்த இடத்தில் இந்த இன்ஜினுக்கு எத்தனையோ விலையில் கிட் கிடைக்கும். பணம் மிச்சம் பிடிக்க வேறு எங்கே வேண்டுமானாலும் பிடியுங்கள், டென்ஷனரில் வேண்டாம். பழைய இன்ஜினில் இருந்து கழற்றிய டென்ஷனர் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

கிராங்க்கையும் கேமையும் சரியான நிலையில் பூட்டி வைக்கும் டைமிங் லாக் பின்கள் இருக்கிற ஒர்க்‌ஷாப்பில் மட்டும் வேலையைக் கொடுங்கள். ஸ்கெட்ச் பேனாவால் குறி வைத்து மாற்றுவது இந்த இன்ஜினுக்கு ஆகாது. புது டென்ஷனர் ஒரு சின்னப் பின்னால் பூட்டப்பட்டு வரும். எல்லாம் மாட்டிய பிறகு அதை எடுத்தார்களா என்று கேட்டு, அந்தப் பின்னை உங்கள் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு கிராங்க்கைக் கையால், ஓடும் திசையில் மட்டும், இரண்டு முழுச் சுற்று சுற்றி லாக் பின்கள் மறுபடி சரியாக உட்கார்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

சீலன்ட் கவர் விளிம்பில் ஒரு மெல்லிய கோடாக இருந்தால் போதும். அது காய மேனுவல் சொல்லும் நேரம் கொடுத்த பிறகே ஆயில் ஊற்ற வேண்டும். முதல் ஸ்டார்ட்டுக்கு முன், டீசல் வராதபடி செய்துவிட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை சில நொடி, சில நொடியாக கிராங்க் செய்யச் சொல்லுங்கள். புது டென்ஷனருக்குள் ஆயில் நிரம்பாமல் இன்ஜினை ஓடவிட்டால் புதுச் செயினின் முதல் சுற்றே உலர்ந்த சுற்றாகிவிடும்.

வேலையைக் கொடுக்கும்போதே மெக்கானிக்கிடம் பணிவாகவும் தெளிவாகவும் சொல்லிவிடுங்கள்: "அண்ணே, பிரஷர் கேஜ் போட்டுப் பாத்துட்டு, அந்த அளவை எழுதிக் கொடுங்க. சம்ப் இறக்கும்போது என்னைக் கூப்பிடுங்க. பழைய சாமான் எல்லாம் எனக்கு வேணும்." நல்ல மெக்கானிக் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். கேஜ் எண்களை மாட்டுவதற்கு முன்பும் பின்பும் எழுதி வைத்தால், அடுத்த தடவை சத்தம் வந்தாலும் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியும்.

முதல் 1000 கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். வேலையின்போது உள்ளே விழுந்த துகள்கள் அதோடு வெளியேறும். வடித்த ஆயிலை வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள். பிளாஸ்டிக் சில்லோ பளபளக்கும் உலோகத் தூளோ தெரிந்தால் உடனே காட்டுங்கள். அதன் பிறகு டாக்சியோ, நெரிசலில் அதிகம் ஓடும் வண்டியோ என்றால் 7,500 கிலோமீட்டரில் மாற்றுங்கள். டிப்ஸ்டிக்கை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, டீசல் போடும் நாளில், காலையில் வண்டி எடுப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.